குறை எதுவும் காணப்படவில்லை

மே 17: தேர்வுக்குப் பதிவு – 250
ஆகஸ்ட் 9: தேர்வு மையத்துக்குப் போகவர வாடகைக் கார் – 18
செப்டம்பர் 6: ஆலோசகர், ஒரு மணி நேரம் – 120
செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 14 வரை: விண்ணப்பக் கட்டணம், ஆறு கல்லூரிகள், தலா 250 – 1,500
மார்ச் 7: வரவு – 2

ஆகச் செலவு 1,888. வரவு 2. செலவில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு எப்படி வரவானது என்று சொல்வதற்குத்தான் மற்றதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் லிஃப்ட்டுகளைப் பரிசோதிக்கும் பொறியாளர். வயது முப்பத்து நான்கு. பழுது பார்ப்பவர் அல்ல. பழுது இருக்கிறதா என்று பார்ப்பவர். இந்த வித்தியாசத்தைப் பதினோரு வருடமாக அக்கம்பக்கத்துக்கு விளக்கி வருகிறார். அக்கம்பக்கமோ அவரை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுகிறது. மின்விசிறி நின்றுபோனாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறது.

காலை எட்டரைக்குத் தோள்பையோடு கிளம்புவார். பையில் டார்ச், டேப், கையுறை, சாக்பீஸ், கயிற்றின் தடிமனை அளக்க ஒரு கருவி, அட்டையில் செருகிய படிவங்கள். பெரிய கட்டடங்களில் இயந்திர அறை உச்சி மாடிக்கும் மேலே இருக்கும். உச்சி மாடியில் இயக்குநர்கள் இருப்பார்கள். பதினோரு வருடமாக அவர்கள் தலைக்கு மேலே நடந்திருக்கிறாரே தவிர, அவர்கள் மாடியில் ஒருநாளும் லிஃப்ட்டை விட்டு இறங்கியதில்லை. இறங்க வேலையும் இருக்கவில்லை.

ஒரு கட்டடத்தில் அபாய மணி அடிக்கவில்லை என்று நான்கு வருடம் தொடர்ந்து எழுதினார். நான்கு வருடமும் அறிக்கையின் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று ஒற்றைச் சொல், கீழே இயக்குநரின் கையெழுத்து. ஐந்தாவது வருடம் அந்த இயக்குநரே லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் மணியை அழுத்தினார். மணி அடிக்கவில்லை. மறுநாளே சரிசெய்துவிட்டார்கள். 'பார்த்தேன்' என்று எழுதும் நாற்காலியில் பார்க்கத் தெரிந்த ஒருவன் உட்கார்ந்தால் என்ன என்று நம்மவருக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. விசாரித்ததில், அந்த நாற்காலிக்குப் போகும் பாதை பெரிய மேலாண்மைக் கல்லூரிகள் வழியாகப் போவதாகச் சொன்னார்கள்.

"சுத்துற நாற்காலி மேல ஆசை வந்துடுச்சு," என்றாள் மனைவி. "நேரா சொல்லியிருந்தா கடையில ஒண்ணு வாங்கியே தந்திருப்பேன்." அவள் மருந்துக் கடையில் மருந்தாளர். எந்த மருத்துவரின் கிறுக்கலையும் படித்துவிடுவாள். கணவர் முகத்தைப் படிக்க அவளுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

தேர்வில் எண்ணூறுக்கு எழுநூற்றுப் பத்து வாங்கினார். பெயரைக் கேட்டதும் மாமனார் வீட்டில் எழுந்து நின்று பேசுவார்கள் என்கிற தரத்தில் ஆறு கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் நல்ல பரிசோதகர் தன் கணிப்பைத் தானே நம்பமாட்டார். எனவே இரண்டாவது கருத்துக்காகச் செப்டம்பர் 6, சனிக்கிழமை, ஓர் ஆலோசகரைப் பார்க்கப் போனார்.

செருப்புக் கடைக்கு மேலே இருந்தது அவருடைய அலுவலகம். இருபத்திரண்டு படிகள், லிஃப்ட் இல்லை. விடுமுறை நாளில் அவருக்கு அது பெரிய நிம்மதி. ஆலோசகர் ஓர் இளம் பெண். காகிதங்களை நான்கு நிமிடத்தில் புரட்டி முடித்தார்.

"எழுநூத்துப் பத்து. நல்ல மார்க்குதான் சார். ஆனா உங்களை மாதிரியே எத்தனை இன்ஜினியருங்க வர்றாங்க தெரியுமா?"

"எத்தனை பேர்?" நோட்டைத் திறந்தார்.

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது சார்."

"பரவாயில்ல. உங்ககிட்ட வந்தவங்க மட்டும் சொல்லுங்க."

ஆலோசகர் பெருமூச்சு விட்டுத் தன் பட்டியலை எண்ணினார். "இந்த வருஷம் நாற்பத்து மூணு பேர். அதுல முப்பத்தோரு பேர் இன்ஜினியர். பத்தொன்பது பேர் எழுநூறுக்கு மேல. போதுமா?"

போதும். மனிதருக்கு முகமே மலர்ந்துவிட்டது. கசப்பான செய்தியாக இருந்தாலும் எண்ணோடு வந்தால் அவருக்கு இனிக்கும்.

"அப்ப எங்க முப்பத்தோரு பேர்ல யாரைன்னு எப்படிப் பிரிப்பாங்க?"

"ஆளைப் பார்ப்பாங்க சார். நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு ஏதாவது காரியத்தை முடிச்சிருக்கீங்களா? முடியாதுன்னு சொன்னவங்களைச் சம்மதிக்க வச்சிருக்கீங்களா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "லிஃப்ட்டை நிறுத்தியிருக்கேன்."

"சரி. ஓட வச்சது ஏதாவது?"

"அது ரிப்பேர்காரங்க வேலைங்க."

ஆலோசகர் ஒரு மஞ்சள் சீட்டில் ஆறு எண்களை எழுதி நீட்டினார். ஒவ்வொரு கல்லூரியிலும் இடம் கிடைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்பது: 20, 15, 15, 12, 10, 25. "இதெல்லாம் என் அனுபவத்துல சொல்ற ஒரு கணிப்புதான் சார். கல்வெட்டு இல்ல."

கல்வெட்டுக்குக் கிடைக்காத மரியாதை அந்தச் சீட்டுக்குக் கிடைத்தது. அன்று மதியமே அவர் கணக்குப் போட்டார். ஆறு கல்லூரியும் சேர்ந்து கைவிரிக்க வாய்ப்பு எவ்வளவு? எண்பதை எண்பத்தைந்தால், அதை மறுபடி எண்பத்தைந்தால் என்று பெருக்கிக்கொண்டே போனதில் முப்பத்து நான்கு புள்ளி மூன்று வந்தது. ஆக, ஏதாவது ஒன்றில் இடம் கிடைக்கும் வாய்ப்பு அறுபத்தைந்து புள்ளி ஏழு. அதைச் சுத்தமாகத் தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினார்.

சேலை எடுக்கக் கதவைத் திறந்த மனைவி படித்துப் பார்த்தாள். "தனித்தனியா ஒண்ணும் கால்வாசியைத் தாண்டல. சேர்த்தா மட்டும் எப்படி இவ்வளவு?"

"அதான் பெருக்கலோட அழகு. ஒரு கயிறு அறுந்தா இன்னொரு கயிறு தாங்கும்."

"எங்க கடையில இருமல் மருந்து ஆறு இருக்கு. ஒவ்வொண்ணும் கால்வாசி கேக்கும். ஆறையும் ஒண்ணாக் குடிச்சா இருமல் போகாதுங்க. ஆள்தான் போவார்."

விண்ணப்பக் கட்டுரைகளில் சின்னத் தடங்கல் வந்தது. 'உங்கள் குறை ஒன்றைப் பற்றி எழுதுக' என்று ஒரு கல்லூரி கேட்டிருந்தது. அவர் பதினான்கு எழுதினார். ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் கண்டறியப்பட்டது, உடனடியாகச் சரிசெய்ய வேண்டியதா, மூன்று மாதம் பொறுக்கலாமா என்கிற தரப்பிரிவோடு. ஆலோசகர் தொலைபேசியில் கெஞ்சினார்.

"ஒண்ணுதான் சார் கேட்டிருக்காங்க!"

"மத்த பதிமூணை மறைக்கச் சொல்றீங்களா?"

ஒருவழியாகப் பதிமூன்றையும் வெட்டினார்கள். கட்டுரைகள் உருப்படியாகிவிட்டன. மீதி இருந்தது ஒன்றே ஒன்று: மேலதிகாரியின் பரிந்துரைக் கடிதம். அதை மேலதிகாரி நேரடியாகக் கல்லூரிகளுக்கு அனுப்ப வேண்டும். விண்ணப்பிப்பவர் பார்க்கக் கூடாது.

அந்த மேலதிகாரிக்கு அலுவலகத்தில் ரசமட்டம் என்று பெயர். தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் குமிழிக் குழாய்தான் ரசமட்டம். அவர் சட்டைப் பையில் அதில் சின்னதாக ஒன்று எப்போதும் இருக்கும். உணவகத்தில் உட்கார்ந்ததும் மேசை மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டைத் தொடுவார். தன் கல்யாணத்தன்றே மேடை நான்கு மில்லிமீட்டர் சரிவு என்று மாமனாரிடம் எழுதிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். பரிசோதிக்கப் போகிற இடத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூடச் சும்மா வாங்கிக் குடிக்கமாட்டார். முப்பத்தோரு வருட சர்வீஸ்.

"எழுதி அனுப்பிட்டேம்ப்பா," என்றார் அக்டோபர் 10 அன்று. "ஆறுக்கும் ஒரே கடிதம்தான். உன்னைப் பத்தி எழுத நான் யோசிக்கவே வேண்டியிருக்கல."

நம்மவர் காற்றில் மிதந்தபடி வீடு வந்தார்.

டிசம்பர் 12 அன்று முதல் மறுப்பு வந்தது. இருபது சதவீதக் கல்லூரி. அவர் கலங்கவில்லை. அலமாரியைத் திறந்து பழைய எண்ணை அடித்துவிட்டு 57.1 என்று எழுதினார். டிசம்பர் 15: 49.5. டிசம்பர் 17: 40.6. சேலை எடுக்கும்போதெல்லாம் மனைவிக்கு நிலவரம் தெரிந்துவிடும். "ஜுரம் இறங்குற மாதிரி இறங்குதுங்க," என்றாள். "நல்ல அறிகுறிதான்."

ஜனவரி 5 அன்று வேறொரு கடிதம் வந்தது. அது அவர் வேலை பார்க்கும் நிறுவனத்திலிருந்து. கிளையின் தலைமைப் பரிசோதகர் பதவியை அவருக்குக் கொடுப்பதாகவும், ஐந்து வருடம் விலகுவதில்லை என்று கையெழுத்திட வேண்டும் என்றும், பதிலை மார்ச் 31 மாலை ஐந்து மணிக்குள் தர வேண்டும் என்றும் சொன்னது. வேண்டாமென்றால் அடுத்தவருக்குப் போய்விடும், திரும்ப வராது. மற்றவர்களாக இருந்தால் போட்டு வைப்போம், பிறகு பார்த்துக்கொள்வோம் என்று கையெழுத்தைப் போட்டிருப்பார்கள். இவர் போட்ட கையெழுத்தை அழிக்கும் ரப்பர் இன்னும் விற்பனைக்கு வரவில்லை. ஆகவே மார்ச் 31-க்குள் ஒரு கல்லூரியாவது வா என்றால் போகலாம். இல்லையென்றால் ஐந்து வருடம் இயந்திர அறைதான். வெளியே வரும்போது நாற்பதைத் தொட்டிருப்பார். அதற்குப் பிறகு எந்தக் கல்லூரி சேர்க்கும், எந்த முகத்தோடு போவது?

ஜனவரி 9: 32.5. ஜனவரி 23: 25. அவ்வளவுதான். பெருக்குவதற்கு இனி எண்ணே இல்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை, ஆறாவது கல்லூரியின் கடிதம் வந்தது. முடியாது என்று சொல்லவில்லை. காத்திருப்புப் பட்டியலில் வைத்திருப்பதாகச் சொன்னது. அடியில் இன்னொரு பத்தி: 'தங்கள் மேலதிகாரியின் பரிந்துரை ஒரே வரியில் இருக்கிறது. அவர் விரிவாக எழுத விரும்பினால், மார்ச் 16-க்குள் கிடைக்குமாறு அனுப்பலாம்.'

ஒரே வரியா?

மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு ரசமட்டத்தின் அறைக்குள் நுழைந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. கடிதத்துல என்ன எழுதினீங்க?"

"நீ பார்க்கக் கூடாதுன்னு விதி."

"அஞ்சு இடத்துல வேணாம்னுட்டாங்க சார். ஆறாவது இடத்துல ஒரு வரிதான் இருக்குன்னு எழுதியிருக்காங்க."

ரசமட்டம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் இல்லை, குழப்பம். "ஒரு வரிதான். அதுக்கு மேல என்ன இருக்கு? 'குறை எதுவும் காணப்படவில்லை'ன்னு எழுதினேன். முப்பத்தோரு வருஷத்துல அந்த வரியை நான் மூணே தடவைதான் எழுதியிருக்கேன். ஒண்ணு துறைமுகத்துல ஒரு கிரேன். ஒண்ணு நூலகத்து லிஃப்ட். மூணாவது நீ."

அந்த வரியின் விலை இந்த உலகத்திலேயே ஒன்பது பேருக்குத்தான் தெரியும். அந்த ஒன்பது பேரும் இதே மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம்மவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. சுவரில் தலையை முட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டில் எதை முதலில் செய்வது என்ற தடுமாற்றத்தில் சும்மா நின்றார்.

"ஒரு படிவம் வேற இருந்துச்சு," என்றார் ரசமட்டம். "இதுவரைக்கும் பார்த்த நூறு பேர்ல இவர் எத்தனாவதுன்னு. எங்கிட்ட ஏது நூறு பேர்? ஒன்பது பேர்தான் இருக்கீங்க. ஒப்பிட வழியில்லைன்னு எழுதிட்டேன்."

அன்று மாலை வீட்டில் அலமாரியைத் திறந்து அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடுதியில் அபாய மணியும் அவசர விளக்கும் ஒரே பேட்டரியில் ஓடுவதைக் கண்டுபிடித்து, 'இங்கே இரண்டு பாதுகாப்புகள் இல்லை, ஒன்றுதான் இருக்கிறது' என்று எழுதியவர் அவர். எழுதிய கையால்தான் இந்தப் பெருக்கலையும் போட்டிருந்தார். கயிறுகள் தனித்தனியாகத் தொங்கினால்தான் அந்தக் கணக்கு செல்லும். ஆறு விண்ணப்பமும் ரசமட்டத்தின் ஒரே வரியில் தொங்கியிருக்கின்றன.

விஷயத்தைக் கேட்ட மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க பதினாலு குறை எழுதுனீங்க, வெட்டியும் ஒண்ணு மிஞ்சிடுச்சு. அவர் ஒண்ணுகூட இல்லைன்னுட்டார். கல்லூரிக்காரங்க யாரைத்தான் நம்புவாங்க?" பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "போய் இன்னொரு தடவை கேளுங்க. விரிவா எழுதச் சொல்லுங்க. கேட்டா கிரீடம் இறங்கிடாது."

பிப்ரவரி 5 அன்று கேட்டார். ரசமட்டம் நாட்காட்டியைத் திருப்பினார்.

"நான் சோதிச்சது உன் வேலையை. உன்னை இல்ல. சோதிக்காததைப் பத்தி எழுதினா அது பொய்ச் சான்றிதழ். உன்னைப் பத்தி எழுதணும்னா உன்னைச் சோதிக்கணும். முப்பது நாள் முன்னறிவிப்பு தரணும். மார்ச் 7, சனிக்கிழமை, காலை பத்து மணி. இடம், உன் வீடு. சம்மதமா?"

"சார், இது வீடு..."

"சம்மதமா, இல்லையா?"

மார்ச் 7 காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பத்து மணி என்றால் பத்து மணி. கையில் அட்டை, படிவம், டார்ச். வாசலில் செருப்பைக் கழற்றி, சுவரோரம் இணையாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். வரவேற்பறைக் கடிகாரத்தைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டார். சாப்பாட்டு மேசை மேல் குமிழிக் குழாயை வைத்தார். குமிழி நடுவில் நின்றது. நம்மவருக்கு மூச்சு வந்தது. அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்து, கணக்கில் பிழை எங்கே, கண்டுபிடித்தது யார் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?" என்றார் மனைவியிடம்.

"பதினோரு மாசமாங்க."

"புகார் கொடுத்தீங்களா?"

"வாய்மொழியா, வாரம் ஒருமுறை. கேட்டா, 'நான் பழுது பார்க்கிறவன் இல்ல, பழுது இருக்கான்னு பார்க்கிறவன்'ம்பார்."

பேனா ஓடியது. நம்மவர் மனைவியை முறைத்தார். அவள் அன்றைக்குச் சாட்சி. முறைப்புக்கெல்லாம் அசைகிற நிலையில் இல்லை. தேநீர் போட்டுக் கொடுத்தாள். ரசமட்டம் அதை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"வேற குறை?"

"நகைச்சுவை சொன்னா மறுநாள் சிரிப்பார். கடைக்கு அனுப்பினா எடை சரியான்னு பார்த்துட்டு, வாங்கின பையை அங்கேயே வச்சுட்டு வருவார்."

"நிறை?"

"அதை எங்கிட்ட கேக்காதீங்க சார். எனக்கு வேண்டியவர். நான் கூட்டித்தான் சொல்லுவேன். மேல நாலாவது மாடியில ஒரு தையல்காரம்மா இருக்காங்க. அவங்களுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. அவங்களைக் கேளுங்க."

வேண்டாதவரின் சாட்சி என்றதும் ரசமட்டத்தின் கண்ணில் ஓர் ஒளி வந்தது. மூவருமாக மேலே போனார்கள். படியேறி.

தையல்காரம்மா தையல் இயந்திரத்தை விட்டு எழுந்திருக்காமலே பேசினார். "இவரா? போன வருஷம் ஜூலை மாசம் எங்களைப் பத்தொன்பது நாள் படியேற வச்ச புண்ணியவான்! நல்லா ஓடிக்கிட்டிருந்த லிஃப்ட்டைக் கதவுப் பூட்டு சரியில்லைன்னு நிறுத்திட்டார். என் முழங்காலுக்கு யார் பதில் சொல்றது?"

"பத்தொன்பது நாளும் துணி மூட்டையை எப்படி மேல கொண்டு வந்தீங்க?"

"நான் எங்க கொண்டு வந்தேன்? இவர்தான் தூக்கிட்டு வந்து வச்சார். காலைல ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. அஞ்சாவது மாடியில இருக்கிற தாத்தாவுக்குக் காய்கறி, தண்ணி கேன் எல்லாம். நிறுத்தினவர்தானே, சுமக்கட்டும்னு விட்டுட்டோம்."

நம்மவர் தரையைப் பார்த்தார். மனைவிக்கே அது பாதிதான் தெரியும்.

"பூட்டை யார் மாத்தினது?"

"அதை ஏன் கேக்கறீங்க! இருபத்து மூணு குடும்பம். ஒருத்தரும் காசு தரமாட்டேன்னாங்க. தரைத்தளத்துக்காரர் சண்டைக்கே வந்துட்டார். 'எனக்கு எதுக்கு லிஃப்ட்டு, நான் இருக்கிறதே தரையில'ன்னார். இவர் ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு வீடு வீடா உக்கார்ந்து, யார் வாரத்துக்கு எத்தனை தடவை ஏறி இறங்குறாங்கன்னு எழுதினார். தரைத்தளத்துக்காரர் வீட்டம்மா வாரம் ரெண்டு தடவை மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போறாங்கன்னு அவர் முன்னாடியே கண்டுபிடிச்சுச் சொல்லிட்டார். ரெண்டு பங்கு கட்ட வச்சார்! எல்லாரும் கட்டினோம். திட்டிக்கிட்டேதான் கட்டினோம்."

ரசமட்டம் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தன் பொறியாளரைத் திரும்பிப் பார்த்தார். "இதை விண்ணப்பத்துல எழுதினியா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"இது வேலை இல்லையே சார். வீட்டு விஷயம்."

முடியாதென்ற இருபத்து மூன்று குடும்பங்களைச் சம்மதிக்க வைத்து, நின்ற லிஃப்ட்டை ஓட வைத்தவர், 'ஓட வச்சது ஏதாவது?' என்று ஆலோசகர் கேட்டபோது, அது ரிப்பேர்காரர் வேலை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். படியிறங்கும்போது மனைவி அவர் காதருகே சொன்னாள்: "நூத்து இருபது கொடுத்து அந்தப் பொண்ணுகிட்ட கேட்டதுக்கு, தையல்காரம்மாகிட்ட சும்மா திட்டு வாங்கியிருக்கலாம்."

ரசமட்டம் ஆறிப்போன தேநீரை நின்றபடியே குடித்துமுடித்தார். தட்டில் இரண்டு நாணயங்களை வைத்தார்.

"ஐயோ, என்ன சார் இது!" என்றாள் மனைவி.

"சோதனைக்கு வந்த இடத்துல சும்மா குடிக்கிறதில்லைம்மா. குழாயைப் பாருங்க." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த இரண்டுதான் வரவு.

அறிக்கை மார்ச் 9, திங்கட்கிழமை போனது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மார்ச் 16 போனது. 23 போனது. நம்மவர் அலமாரிப் பக்கமே போகவில்லை. மனைவி அந்தத் தாளைக் கிழித்துப் போடலாமா என்று கேட்டதற்கு, தப்பான அறிக்கையையும் கோப்பில் வைத்திருக்க வேண்டும் என்றார்.

மார்ச் 31, செவ்வாய்க்கிழமை. கல்லூரியிலிருந்து தகவல் இல்லை. மாலை நான்கு நாற்பதுக்குப் பதவிப் படிவத்தோடு ரசமட்டத்தின் அறைக்குப் போனார். பதிலை வாங்கிக்கொள்ள வேண்டியவர் அவர்தான். விருப்பம் என்று எழுதுவதாகத்தான் நம்மவர் வந்திருந்தார். கையில் ஒன்றும் இல்லாதவன் வேறென்ன எழுதுவான்?

"ஒரு நிமிஷம்," என்றார் ரசமட்டம். "அறிக்கையோட நகல் சோதிக்கப்பட்ட தரப்புக்கு முப்பது நாளுக்குள்ள கொடுக்கணும். விதி. இந்தா. கல்லூரிக்காரங்ககிட்டயும் கேட்டுட்டேன், இந்தத் தடவை நீ பார்க்கலாம்னுட்டாங்க."

நான்கு பக்கம். நம்மவர் நின்றபடியே படித்தார். முதல் பக்கத்தில் குறைகள், ஏழு. குழாய், முதலாவது. மறுநாள் சிரிப்பது, மூன்றாவது. ஐந்தாவது: 'வாய்ப்புகளைப் பெருக்கும் முன் அவை ஒன்றையொன்று சாராதவையா என்று பார்க்கத் தவறினார். ஆனால் குறையைத் தானே கண்டறிந்தார்.' இரண்டாம் மூன்றாம் பக்கங்களில் தையல்காரம்மா, பத்தொன்பது நாள், இருபத்து மூன்று குடும்பங்கள், வாரம் இரண்டு முறை துணி உலர்த்தல். எல்லாம் தேதியோடு, ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லாமல். நான்காம் பக்கத்தில் ஒரே வரி: 'இவரைக் கீழ்த்தளத்திலேயே நிறுத்தி வைக்கக் காரணம் எதுவும் காணப்படவில்லை.'

அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பேனாவைத் திறந்தார். பதவிப் படிவத்தில் 'விருப்பமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ரசமட்டம் நேரத்தைக் குறித்தார்: 4.52. "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பார். காலியா விடக் கூடாது."

'அறிக்கை, பக்கம் 4' என்று நிரப்பினார்.

வீட்டில் மனைவி கேட்டாள், "கையில ஒண்ணும் இல்லாமலே வேணாம்னுட்டு வந்துட்டீங்களா?"

"ஆமா."

"இப்ப எத்தனை சதவீதம்?"

"கணக்குப் போடல."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்யாணமாகி எட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் எனக்குப் பயமா இருக்கு. வாங்க, சாப்பிடலாம்." மறுநாள் கடையில் ஞாயிற்றுக்கிழமை வேலையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று. அதை அவரிடம் சொல்லவில்லை.

குழாய்க்கு ரப்பர் வளையம் வாங்கியது மார்ச் 8, அளவு தப்பு. எல்லாவற்றையும் அளக்கிற மனிதர் அதை மட்டும் கண்ணளவில் வாங்கிவந்திருந்தார். ஏப்ரல் 4 அன்று மனைவியே சரியான அளவில் ஒன்று வாங்கிவந்து மாற்றினாள். சொட்டு நின்றது.

நல்லதாகப் போயிற்று. ஏனென்றால், ஆறாவது கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டு அனுப்பிய கடிதத்தில், கையெழுத்துக்குக் கீழே பேனாவால் ஒரு கேள்வி எழுதியிருந்தது: 'குழாய் சரியாகிவிட்டதா?' நம்மவர் நேர்மையாகப் பதில் எழுத முடிந்தது: 'சரியாகிவிட்டது. செய்தது நான் அல்ல.'

கடிதம் வந்த தேதி: ஏப்ரல் 9, வியாழக்கிழமை.